கந்தப்பளைக்கு வந்த புகையிரதம்

இலங்கையில் மிக உயரத்திலுள்ள புகையிரத நிலையம் யாதென நம் மாணவரை வினவின், பட்டிப்பொல என்று தயங்காது விடை பகர்வர். இன்று அதுவே சரியான விடை. ஆயின் அதனினும் உயரத்தே, ஏறத்தாழ 6,300 அடியில், கந்தப்பளையில் ஒரு நிலையம் இருந்ததென்பதை அவ்வூரிற் பிறந்த மாணவரே அறிந்திலர். வகுப்பில் யாம் இதனைக் கூறியபோது, கதை அளக்கின்றோம் என நகைத்தோரும் உளர்.

கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலை இம்மலைகளை மூடிற்று. பிரதான புகையிரத வீதி 1884 இல் அட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. அப்பாலுள்ள தோட்டங்களின் தேயிலையை நானுஓயாவுக்குக் கொணரும் பொருட்டு 1903 இல் நுவரெலியா வரைக்கும், 1904 இல் இராகலை வரைக்கும், ஏறத்தாழ 19 மைல் நீளத்தில் ஒரு கிளைப்பாதை இடப்பட்டது. உடப்புசல்லாவைப் புகையிரத வீதி என்பது அதன் பெயர். உடப்புசல்லாவையை அது ஒருநாளும் எட்டியதில்லை என்பது வேறு விடயம்!

பிரதான வீதியின் தண்டவாள அகலம் 5 அடி 6 அங்குலம். இதன் அகலமோ 2 அடி 6 அங்குலம். வளைவு மிக்க மலைச்சரிவிற் குறைந்த செலவில் பாதை வெட்ட அவ்வொடுக்கம் உதவிற்று. பின்னர் அதுவே கூற்றுமாயிற்று. இராகலையில் ஏற்றிய பெட்டியை நானுஓயாவில் இறக்கிப் பெரிய வண்டியில் மீண்டும் ஏற்றுதல் வேண்டும். கீழிருந்து வரும் அரிசிக்கும் உரத்துக்கும் இதே கதி. மோட்டார் லொறி தொழிற்சாலை வாயிலுக்கே வந்து நின்றபின், இருமுறை ஏற்றியிறக்கும் வண்டியை நாடுவார் யார்? 1940களில் பாதை மூடப்பட்டது, தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன.

வரவு செலவுக் கணக்கை யாம் மறுத்திலம். அக்கணக்கு தேயிலைப் பெட்டியை மட்டுமே எண்ணிற்று என்பதே எமது முறைப்பாடு. வைத்தியசாலைக்குச் செல்லும் தாயும் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையும் அதில் ஒரு வரியாயினும் பெற்றாரல்லர். அதே பத்தாண்டில், 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. இழந்த பாதையை மீட்டுத் தருக எனக் கேட்கும் நாவும் அடைபட்டது. இன்று கந்தப்பளையிலிருந்து லீக்சும் கரட்டும் கோவாவும் லொறி லொறியாய்க் கொழும்புக்குச் செல்கின்றன. எம் மாணவர் மழையில் நனைந்து பேருந்துக்குக் காத்து நிற்கின்றனர்.

சுற்றுலாப் பயணிகளுக்காக இப்பாதையை மீண்டும் இடுக என்பாரும் உளர். புகைப்படம் எடுப்பார்க்கு மட்டும் ஓடும் வண்டி எமக்கு வேண்டுவதன்று. தண்டவாளம் மீண்டும் வருமாயின், காலை 7 மணிக்குப் பாடசாலைப் பிள்ளைகளுக்காக அது நிற்றல் வேண்டும்.

அது வருமுன், தடத்தையேனும் அடையாளங் காணவேண்டும். சென்ற தவணையில் மாணவர் சிலருடன் அதன் ஒரு பகுதியில் நடந்தோம். தோட்டத்து மற்றப் பாதைகள் செங்குத்தாய் ஏற, தன் லயனருகே செல்லும் பாதை மட்டும் சுற்றி வளைந்து மெல்ல ஏறுவது ஏன் என ஒரு சிறுவன் வினவினான். நாள்தோறும் அதில் நடப்பவன் அவன். புகையிரதம் செங்குத்தாய் ஏறமாட்டாது என விளக்கியதும், அவனே முன்சென்று அடுத்த வளைவைக் காட்டினான். இத்தகைய சிறுவரைக் கொண்டே தடம் முழுவதையும் வரைபடமாக்கலாம் என எண்ணுகின்றோம். மரக்கறிப் பாத்திகளும் வீடுகளும் ஆண்டுதோறும் அதனை மூடி வருதலின், காலந்தாழ்த்தல் ஆகாது.

நம் கல்லூரிப் பழைய மாணவருட் சிலர் இப்பகுதியில் ஆசிரியராயும் எழுதுவினைஞராயும் இருந்தவர்; சிலர் அவர்தம் மக்கள். பழைய பயணச்சீட்டோ நேர அட்டவணையோ புகைப்படமோ வீட்டுப் பெட்டகத்தில் இருப்பின், பிரதியொன்றைக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புமாறு வேண்டுகின்றோம். மூலத்தைத் தாமே வைத்திருக்கலாம்.