மின் விதி தானாக வரட்டும், தவணையோடு வரட்டும்

எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம். நாள் தவறினால் அபராதம் என்று தெரியும். ஆனால் கடையின் மீட்டர் பெட்டியை நம்மில் எத்தனை பேர் திறந்து பார்க்கிறோம்?

திருப்பூரிலும், அவிநாசி, பல்லடம் வட்டாரங்களிலும் உள்ள பழைய கடைகளில் இரண்டு டியூப் லைட், ஒரு மின்விசிறிக்காக இழுத்த வயரிங்தான் இன்னும் இருக்கிறது. அதே ஒயரில் இன்று ஃப்ரீசர், பில்லிங் கம்ப்யூட்டர், கேமரா, இன்வெர்ட்டர் எல்லாம் ஓடுகின்றன. பியூஸ் போனால் தடித்த கம்பியை முறுக்கிப் போடுகிறோம். மீட்டர் பெட்டியை ஒட்டியே பனியன் பேல்களையும் அட்டைப் பெட்டிகளையும் அடுக்குகிறோம். 2023 ஜூன் மாதம் காதர்பேட்டையில் பனியன் கடைகள் தீக்கிரையானதை மறக்க முடியுமா? காரணம் எதுவாயினும், நெருக்கமான கடைவீதியில் ஒரு கடையின் தீ ஒரு கடையோடு நிற்பதில்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே 2010 வரை அடிப்படையாக இருந்தன. பிறகு மத்திய மின்சார ஆணையம் புதிய பாதுகாப்பு விதிகளைக் கொண்டு வந்தது. 2023-ல் அவற்றையும் மாற்றி அமைத்தது. மின்கசிவுத் தடுப்புக் கருவி 5 கிலோவாட் முதல் கட்டாயம் என்றிருந்தது, இப்போது 2 கிலோவாட் முதல் என்றாகியுள்ளது. ஃப்ரீசர் வைத்துள்ள மளிகைக் கடையும் இந்த வரம்பை எளிதில் தொட்டுவிடும். 1985-ல் வந்த தேசிய மின் விதித்தொகுப்பு 2011-லும் 2023-லும் திருத்தப்பட்டது.

இப்படித் திருத்தம் வரும்போதெல்லாம் மாநிலங்கள் தாமாகவே ஏற்க வேண்டுமா, தனியே ஆராய்ந்து ஏற்க வேண்டுமா? அமெரிக்காவில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விதித்தொகுப்பு திருத்தப்படுகிறது. மாநிலங்கள் அதைத் தனித்தனியே ஏற்பதால், பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில் வெவ்வேறு பதிப்புகள் நடப்பில் உள்ளன. அந்தக் குழப்பம் நமக்கு வேண்டாம். மின்சாரம் மாநில எல்லை பார்த்து ஆளைத் தாக்குவதில்லை. புதிய இணைப்புக்கும் புதிய வயரிங்குக்கும் திருத்தம் தானாகவே அமலாவதே முறை என்பது நமது கருத்து.

ஆனால் பழைய கடைகள் விஷயம் வேறு. ஒரே நாளில் அமல் என்றால், அது பாதுகாப்பாக முடியாது. சோதனை என்ற பெயரில் சிறு வணிகரை அலைக்கழிக்கும் வழியாகத்தான் முடியும். மேலும், நம்மில் பலர் வாடகைக் கடையில் இருப்பவர்கள். சுவருக்குள் ஓடும் ஒயர் கட்டிட உரிமையாளருடையது. நோட்டீஸ் வருவதோ வாடகைதாரருக்கு. செலவு யாருடையது என்று தெளிவாகச் சொல்லாத விதி, இருவரையும் சண்டைக்கே இழுக்கும்.

எனவே அரசைக் கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு திருத்தத்தையும் எளிய தமிழில் அச்சிட்டு, அமலாகும் தேதியோடு வணிகர் சங்கங்களுக்கு அனுப்ப வேண்டும். பழைய கடைகளுக்குத் தக்க கால அவகாசம் தர வேண்டும். முதல் சோதனையில் அபராதமின்றி, குறைகளை எழுத்தில் தர வேண்டும். வயரிங் செலவில் உரிமையாளர் பங்கு எது, வாடகைதாரர் பங்கு எது என்று வரையறுக்க வேண்டும்.

அரசாணை வரும்வரை நாமும் காத்திருக்க வேண்டியதில்லை. உரிமம் பெற்ற மின் பணியாளரை அழைத்து எர்த் இணைப்பைச் சோதியுங்கள். எம்.சி.பி. இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அது அதிகச் சுமைக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான். மின்கசிவிலிருந்து ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. கருவி. கடையில் வேலை செய்யும் பையன்களின் உயிரை விட அதன் விலை பெரிதல்ல.