ஒரு சுற்று ஸ்பிரிங்கும் ஒரு கிலோ வீராப்பும்

ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்து எறிந்துவிட்டால் கார் ரோட்டைக் கவ்விக்கொண்டு ஓடும் என்று எந்தப் புண்ணியவான் முதலில் கிளப்பிவிட்டானோ, அந்தப் புரளி சென்னை, கோவை எல்லாம் சுற்றிவிட்டு இப்போது குருவிகுளம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. குருவிகுளத்தில் ஏதுய்யா ஸ்போர்ட்ஸ் கார் என்று சிரிக்க வேண்டாம். போர்ஷேயும் ஃபெராரியும்தான் ஸ்போர்ட்ஸ் காரா? செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய ஸ்விஃப்ட், பின்னால் ஒரு ஸ்பாய்லர், பீப்பாய் மாதிரி ஒரு சைலன்சர்... சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அதுதான். 2025 ஜனவரியில் அஜித் தன் அணியோடு துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனதிலிருந்து இந்த ஜுரம் ரெண்டு டிகிரி கூடியிருக்கிறது. அஜித் மேல் தப்பே இல்லை. அந்தக் காருக்கு சஸ்பென்ஷன் அமைத்தவர்கள் கையில் வெறும் கட்டிங் வீல் இருக்கவில்லை, அவ்வளவுதான் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். சஸ்பென்ஷன் எதற்கு? குண்டு குழியில் இடுப்பு ஒடியாமல் இருக்க என்பது பாதி பதில். மீதிப் பாதியைத்தான் யாரும் சொல்வதில்லை. டயரை ரோட்டிலிருந்து எழும்பவிடாமல் அமுக்கி வைப்பதுதான் அதன் முக்கியமான வேலை. ஒரு டன் கார் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருப்பது நாலே நாலு உள்ளங்கை அளவு ரப்பரில். பிரேக், ஸ்டியரிங், வளைவு எல்லாம் அந்த நாலு உள்ளங்கை போடும் பிச்சை. டயர் அரை நொடி அந்தரத்தில் இருந்தால் அந்த அரை நொடிக்கு ஸ்டியரிங் வெறும் அலங்காரப் பொருள்.

"தாழ்த்தினா வளைவுல சாயாது மாப்ள" என்பார்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், காமர்ஸ் படிப்பவர்களுக்குக் கணக்கு என்ன புதிதா? வளைவில் உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்கு எவ்வளவு எடை மாறும் என்பதைத் தீர்மானிப்பவை காரின் எடை, வேகம், வளைவின் கூர்மை, இரண்டு டயருக்கும் இடையிலான அகலம், ஈர்ப்பு மையத்தின் உயரம். ஒரு சின்னக் காரில் அந்த உயரம் சுமார் 55 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். காரை 3 செ.மீ. இறக்கினால் லாபம் நூற்றுக்கு ஐந்தரை. அவ்வளவுதான்! இந்த ஐந்தரை சதவீதத்துக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள்.

ஸ்பிரிங்கில் வேலை செய்யும் சுற்று ஆறு என்றால், ஒன்றை அறுத்ததும் மிச்சம் ஐந்து. ஸ்பிரிங் 20 சதவீதம் விறைப்பாகிவிடும். ஆனால் அதை அடக்கி ஆளவேண்டிய ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்காகச் செய்யப்பட்டது. மாட்டை மாற்றிவிட்டு மூக்கணாங்கயிற்றை மட்டும் பழசாகவே விட்ட கதை. அடுத்து, அறுத்த முனை அதன் தட்டில் சரியாக உட்காராது. ஒரு பள்ளத்தில் சக்கரம் முழுசாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறி உட்காரும், சமயத்தில் நழுவியும் விடும். கேஸ் கட்டர் வைத்து அறுத்தார்கள் என்றால் இன்னும் விசேஷம். சூடுபட்ட இடத்தில் எஃகின் பதம் போயே போச்சு.

இன்னொரு கூத்தும் உண்டு. ஸ்விஃப்ட் மாதிரிக் கார்களில் முன்பக்கம் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்டிரட். அதில் காரை 3 செ.மீ. இறக்கினால், எந்தப் புள்ளியை மையமாக வைத்துக் கார் சாய்கிறதோ அந்தப் புள்ளி அதைவிட அதிகமாக இறங்கிவிடும். அதாவது சாய்வதற்கான நெம்புகோலின் நீளம் கூடுகிறது. சாயக்கூடாது என்று தாழ்த்தினால், அதிகமாகச் சாயப் பார்க்கும் கார்! ஸ்பிரிங் விறைத்துப்போனதால் அது கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்தின் கோணமும் மாறிவிடும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். டயர்க்காரருக்குக் கொண்டாட்டம்.

இதெல்லாம் வழவழப்பான ரோட்டிலேயே நடப்பவை. குருவிகுளத்தைச் சுற்றி இருப்பது கரிசல் பூமி. மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் போட்ட ரோடு மட்டும் சும்மா இருக்குமா? அலை அலையாக எழும்பி இறங்கிக் கிடக்கும். கோவில்பட்டியில் நாலுவழிச் சாலை ஏறும்வரைக்கும் இந்த அலைகள் மேல்தான் சவாரி. போதாததற்கு வேகத்தடைகள். இந்திய சாலைப் பேராயத்தின் 1988-ம் வருட வழிகாட்டுதல்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமுமாக இருக்க வேண்டும். ஊருக்குள் அந்த அளவை டேப் வைத்துத் தேடினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். பல இடங்களில் அது வேகத்தடை இல்லை, வரப்பு.

ஒரு சாதாரணக் காரில் சக்கரம் நிலையிலிருந்து மேலே போக இருக்கும் இடம் அரைச் சாண்கூட இருக்காது. அதில் 3 செ.மீ. தாழ்த்தியதிலேயே போய்விட்டது. ஆடித்தபசுக்கு அம்மா, ஆச்சி, சித்தி, பிள்ளைகள் என்று அஞ்சு பேரை ஏற்றி, டிக்கியில் மூட்டையும் வைத்தால் மிச்சமும் போய்விடும். அப்புறம் வளைவில் ஒரு மேடு வந்தால் சஸ்பென்ஷன் ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். இடித்த கணத்தில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே கிடையாது. முன்பக்கம் இடித்தால் கார் திரும்பாமல் நேரே வயலுக்குள் போகும். பின்பக்கம் இடித்தால் பம்பரம். ஓட்டுகிறவன் என்ன வீரனாக இருந்தாலும் அந்த இடத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பின் சீட்டில் இருக்கும் ஆச்சிக்கு எந்த ஸ்பாய்லரும் உதவாது.

"அப்ப ரேஸ் கார் எல்லாம் ஏன் தரையோட ஒட்டிக் கிடக்கு?" நியாயமான கேள்வி. ஏனென்றால் அது ஓடுவது இருங்காட்டுக்கோட்டை மாதிரிப் பந்தயத் தளத்தில். அங்கே வரப்பு கிடையாது, ஆச்சியும் கிடையாது. ரோடு மோசமாக இருக்கும் பந்தயத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? கோவை ராலி கேத்தனூர் காற்றாலைகளுக்கு நடுவே மண் பாதைகளில் ஓடியிருக்கிறது. கயத்தாறு பக்கத்துக் காற்றாலைப் பாதைகளைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். மண் தடத்தில் ஓடும் ராலிக் காரைத் தாழ்த்துவதில்லை, உயர்த்துகிறார்கள்! சக்கரம் ஏறி இறங்க நீளமான இடம், அதற்கேற்ற பலமான ஷாக். ரோட்டு வண்டியிலும் இதே கதைதான். 1962-ல் வந்த லோட்டஸ் எலான் வளைவுகளில் பேர் வாங்கியது மெதுவான ஸ்பிரிங்கையும் நல்ல ஷாக்கையும் வைத்துத்தான். விறைப்பு வேறு, பிடிமானம் வேறு.

கணக்குப் பதிவியலில் மூலதனச் செலவு, வருவாயினச் செலவு என்று இரண்டு படித்திருப்பீர்கள். பழைய காரில் வருவாயினச் செலவையே ஒழுங்காகச் செய்யாதவன் மூலதனச் செலவுக்குக் கிளம்புவதுதான் இங்கே நடக்கிறது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016-ம் வருடத்தின் 23-வது வாரம் செய்தது. அப்படிக் கல்லாகிப்போன டயரை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை அறுத்து என்ன பிரயோஜனம்? பானெட்டை ஒரு முறை அமுக்கி விட்டுப் பாருங்கள். ஏறி ஒரே தடவையில் அடங்கினால் ஷாக் உயிரோடு இருக்கிறது, தொட்டில் மாதிரி ஆடினால் ஆள் காலி. லோயர் ஆர்ம் புஷ் பிய்ந்து போயிருக்கும், வீல் அலைன்மெண்ட் பார்த்து வருஷம் ரெண்டாகியிருக்கும். நல்ல டயர், கம்பெனி அளவிலேயே புது ஷாக், புது புஷ், ஒரு அலைன்மெண்ட். இவ்வளவும் செய்தாலே பத்து வருஷப் பழைய கார் ஷோரூமிலிருந்து வந்த மாதிரி திரும்பும். ஆனால் இதில் ஒன்றுகூட வெளியே தெரியாது, போட்டோவில் விழாது. அதுதான் பிரச்சினை.

சட்டம் என்ன சொல்கிறது? தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருடம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதிலும் ஒரு குறை உண்டு. அளந்து, சோதித்து, ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஜோடியாகச் செய்த நல்ல செட்டும், கட்டிங் வீலில் அறுத்ததும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான். ஜெர்மனியில் ஸ்பிரிங்கை மாற்றினால் ஆய்வாளர் பார்த்து, அளந்து, சான்று கொடுப்பார். அப்படி ஒரு வழி இங்கேயும் இருந்தால் ஆசைப்படுகிறவன் முறையாகச் செய்வான். இல்லாதவரை அந்த ஆசைக்கு இடம் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரித் தளங்கள்தான். மாருதி 800 இன்ஜினை வைத்தே பந்தயக் கார் செய்து காட்டிய கரிவரதன் பெயரில் இருக்கும் தளம் அது. அவர் செய்தது பொறியியல். அறுப்பது பொறியியல் இல்லை.

அறுத்த பிறகு வேகத்தடையில் அடி தட்டுகிறது என்று அதே கடைக்குத் திரும்பி வந்து, மிச்சமிருக்கும் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபரைத் திணித்துக் காரைத் தூக்கச் சொல்கிறவர்களும் உண்டு. இறக்க ஒரு காசு, ஏற்ற ஒரு காசு. இன்னும் சிலர், "அண்ணாச்சி, அந்தத் துண்டைத் திரும்ப வெல்டிங் வைக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியாது. வெல்டிங் சூட்டில் பதம் போன எஃகு, முதல் பெரிய பள்ளத்திலேயே முறியக்கூடும். நாலு சக்கரத்துக்கும் புது ஸ்பிரிங்தான் வாங்க வேண்டும்.