நம் ஊரை நாம் பார்த்திருக்கிறோமா?

சுற்றுலா என்றவுடன் நம் மனம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் பறந்துவிடுகிறது. நம் வீட்டு வாசலிலேயே தொடங்கும் சுற்றுலா ஒன்று உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சென்ற கோடை விடுமுறை வரை நானும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஜப்பானில் ஒசாகா மாநகரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா அப்போது ஊருக்கு வந்திருந்தார். ஒரு சனி, ஞாயிறில் அந்நகரைச் சுற்றிய கதையைச் சொன்னார். ஹிதெயோஷி என்ற தலைவர் 1583-இல் கட்டத் தொடங்கிய கோட்டை அங்கே உள்ளதாம். அழிந்துபோன அதன் கோபுரத்தை நகர மக்களே நன்கொடை திரட்டி 1931-இல் மீண்டும் எழுப்பினார்களாம். டோத்தன்போரி கால்வாய்க் கரையில் வரிசையாக உணவுக் கடைகள். நம் குழிப்பணியாரச் சட்டி போன்ற ஒன்றில், மாவுக்குள் ஆக்டோபஸ் துண்டை வைத்துச் சுட்டுத் தருவதற்குத் தக்கோயாகி என்று பெயர். பாட்டி முகம் சுளித்தார். எனக்கோ நாவூறியது.

பிறகு சித்தப்பா கேட்டார்: "சரிம்மா, என் ஜப்பானிய நண்பர் நம் ஊருக்கு வந்தால் இரண்டு நாளில் எதைக் காட்டுவாய்? என்ன சாப்பிடக் கொடுப்பாய்?"

"மலைக்கோட்டை" என்றேன். "அப்புறம்?" என்றார். நான் விழித்தேன். மலைக்கோட்டையைக்கூடப் பாலக்கரையிலிருந்து அண்ணாந்து பார்த்திருந்தேனே தவிர, விவரம் தெரிந்த பிறகு ஏறியதில்லை. "அடுத்த சனி, ஞாயிறில் பார்த்துவிடுவோம்" என்றார் சித்தப்பா. அம்மாவும், எங்கள் தெருவிலேயே இருக்கும் என் வகுப்புத் தோழி ஒருத்தியும் உடன் வந்தார்கள்.

சனிக்கிழமை காலை வெயிலுக்கு முன் மலை ஏறினோம். 83 மீட்டர் உயரப் பாறை. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகையில், கங்கையைச் சடையில் தாங்கும் சிவன் சிற்பம் உள்ளது. உச்சியில் நின்றால் ஒரே பார்வையில் காவிரி, திருவரங்கக் கோபுரங்கள், கீழே தெப்பக்குளம், அதன் அருகே 1890-களில் எழுந்த லூர்து அன்னை ஆலயம், சற்றுத் தள்ளி நத்தர்வலி தர்கா எல்லாம் தெரிகின்றன. மூன்று மதத்தாரும் ஒரு மலையின் நிழலில் வாழ்வதை எந்தப் பாடநூலும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. இறங்கியதும் மெயின்கார்டு கேட் அருகே மைக்கேல் கடை ஐஸ்கிரீம்!

ஞாயிறன்று சகாய மாதா கோவிலில் திருப்பலி கண்டபின், தோழி எங்களைக் காந்தி மார்க்கெட்டுக்கு அழைத்துச் சென்றாள். அவள் தந்தை அங்கே மூட்டை தூக்குபவர். பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி என்று தாரைப் பார்த்தே அவள் பெயர் சொன்னாள். நான் பார்த்தவை எல்லாம் எனக்கு வாழைப்பழம், அவ்வளவே! பிறகு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரியைக் கடந்தோம். திருவானைக்காவலில் பார்த்தசாரதி விலாஸ் நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு ஸ்ரீரங்கம் சென்றோம். எல்லா மதத்தாரும் செல்லக்கூடிய இடம் வரை பார்த்தோம். பல நூற்றாண்டுகள் முற்றுப்பெறாமல் நின்ற இராஜகோபுரம், பலருடைய நன்கொடையால் 13 நிலைகளோடு 236 அடி உயர்ந்து 1987-இல் நிறைவு பெற்றது. ஒசாகாக் கோட்டையின் கதை நம் ஊரிலும் நடந்திருக்கிறது!

வீடு திரும்பும்போது தோழி சொன்னாள்: "இதுதான் நான் போன முதல் டூர்."

எனக்குச் சுருக்கென்றது. சென்ற ஆண்டு வெளியூர்ச் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட இயலாமல் எங்கள் வகுப்பில் சிலர் நின்றுவிட்டார்கள். அவர்களில் அவளும் ஒருத்தி. திரும்பி வந்த நானோ, மூன்று நாள் அவளிடமே அந்தக் கதையை அளந்துகொண்டிருந்தேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு இப்போதுதான் புரிந்தது.

ஆகவே என் கருத்தை இங்கே பணிவுடன் வைக்கிறேன். ஆண்டுக்கு ஒரு நாளாவது ஒவ்வொரு வகுப்பும் சொந்த ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர்கள் தம் ஊர்த் தெருக்களையும் கடைகளையும் காண அழைத்துச் செல்வது பாடத்திலேயே சேர்ந்ததாம். நமக்கு மட்டும் ஏன் முடியாது? 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கட்டுச்சோறு வீட்டிலிருந்து வரும். மணப்பாறை முறுக்கு ஒரு பொட்டலம் போதும், வகுப்பே பகிர்ந்துகொள்ளலாம்.

வெளியூர் சென்றால்தான் அறிவு விரியும் என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான், நானும் ஒரு நாள் ஒசாகாவைப் பார்க்க ஆசைப்படுகிறேன். ஆனால் வெளியூர்ச் சுற்றுலாவில் பணம் உள்ளவர் போகிறார், இல்லாதவர் நிற்கிறார். உள்ளூர்ச் சுற்றுலாவில் எவரும் நிற்க வேண்டியதில்லை. மார்க்கெட் தெருப் பெண் ஒரு நாள் வழிகாட்டி, ஸ்ரீரங்கத்துப் பெண் மறுநாள் வழிகாட்டி.

அன்புள்ள அருட்சகோதரியரே, பெற்றோரே, அடுத்த சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கும் தாள் வகுப்பில் சுற்றி வரும்போது, ஒரு பெயரும் விடுபடாத தாளாக அது இருக்கட்டும். தோழியரே, அதுவரை காத்திராமல் வருகிற சனிக்கிழமை நீங்கள் மலை ஏறுங்கள். அருகில் இருக்கும் தோழியையும் மறவாமல் அழைத்துச் செல்லுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி