கொண்டை சொல்லும் சேதி



திருவண்ணாமலை கோயிலுக்கு வந்திருக்கிறீர்களா? உள்ளே போனால் 'கிளி கோபுரம்' என்று ஒரு கோபுரம் உண்டு. பாரிஜாத மலர் கொண்டுவரக் கிளியாக மாறிப் பறந்த அருணகிரிநாதர், கடைசியில் கிளியாகவே இந்தக் கோபுரத்தில் தங்கிவிட்டார் என்பது எங்கள் ஊர்க் கதை. இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "நாமும் ஒரு கிளி வளர்க்கலாமா?"

நம் ஊர்ப் பச்சைக்கிளியை வளர்க்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் அடைப்பதும் குற்றம். அது வானத்துக்குச் சொந்தம்.

கடைகளில் விற்கும் 'காக்கட்டீல்' பறவையைப் பார்த்திருப்பீர்கள். சிலர் 'காக்டெயில்' என்பார்கள். சாம்பல் நிற உடம்பு, கன்னத்தில் ஆரஞ்சு நிறப் பொட்டு, தலையில் அழகான கொண்டை. இதன் பூர்வீகம் ஆஸ்திரேலியா. கொண்டைக்கிளிக் குடும்பத்திலேயே மிகச் சிறியது இதுதான். வாலோடு சேர்த்து அளந்தால் சுமார் ஓர் அடி. எடை ஏறக்குறைய 100 கிராம்.

இதன் மனசு கொண்டையில் தெரியும்! ஏதாவது சத்தம் கேட்டுத் திடுக்கிட்டால் கொண்டை நெட்டுக்குத்தாக நிற்கும். நிம்மதியாக இருந்தால் லேசாகப் பின்னால் சாயும். பயமோ கோபமோ வந்தால் தலையோடு ஒட்டிக்கொள்ளும். 'உஸ்' என்று சீறும். பழகிவிட்டால் தோளில் ஏறி உட்காரும். தலையைக் குனிந்து 'சொறிந்து விடு' என்று கேட்கும். ஆண் பறவை விசிலடித்துப் பாட்டுக்கூடக் கற்றுக்கொள்ளும்.

ஏன் இத்தனை பாசம்? ஆஸ்திரேலியாவில் இவை கூட்டமாக வாழ்பவை. உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால், நீங்கள்தான் அதன் கூட்டம். இங்கேதான் நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

என் பழைய மாணவர் ஒருவரின் மகன் ஆறாம் வகுப்புப் படித்தான். கோடை விடுமுறையில் அடம்பிடித்து ஒரு காக்கட்டீல் வாங்கினான். மே மாதம் முழுவதும் அவன் தோளைவிட்டு அது இறங்கவே இல்லை. ஜூனில் பள்ளி திறந்தது. மாலையில் டியூஷனும் சேர்ந்துகொண்டது. மாடி அறையில் பறவை தனியாகக் கிடந்தது. சில வாரங்களில் தன் நெஞ்சு இறகுகளைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. நோயில்லை, தனிமைதான் காரணம் என்றார் கால்நடை மருத்துவர். அவன் பாட்டி கூண்டைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். கீரை ஆயும்போது அதனோடு பேசினார். பையனும் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினான். மெல்ல மெல்ல இறகு முளைத்தது. "பேச ஆள் இல்லேன்னா உடம்புகூடக் கெட்டுப்போகுமா தாத்தா?" என்று என்னிடம் கேட்டான். ஆமாம் கண்ணு, கெடும்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் காக்கட்டீல் 15 முதல் 20 ஆண்டுகள்கூட வாழும். நீங்கள் கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்போதும் அது உங்களைத் தேடும். அதனால், வாங்கும் முன்பே வீட்டில் பேசுங்கள். பள்ளி நேரத்தில் யார் துணை? ஊருக்குப் போனால் யார் தீனி வைப்பது? தீபாவளி வெடிச் சத்தத்தில் அது மிரளுமே, எங்கே வைப்பது? இதன் இறகிலிருந்து மாவு போலத் தூசி உதிரும்; வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் யாராவது உண்டா? நான்-ஸ்டிக் பாத்திரம் அதிகமாகக் காய்ந்தால் வரும் புகை பறவையின் உயிரையே எடுத்துவிடும் என்பது அம்மாவுக்குத் தெரியுமா?

சலித்துப்போனால் பறக்க விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கூண்டிலேயே பிறந்த பறவைக்கு இங்கே இரை தேடத் தெரியாது. காக்கை, பருந்திடமிருந்து தப்பவும் தெரியாது. அது விடுதலை இல்லை, கைவிடுதல்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கவில்லையா? வருத்தம் வேண்டாம். சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்து வந்த ஜோசப் சேகர், 2004 சுனாமிக்குப் பிறகு தன் மொட்டை மாடிக்கு வந்த கிளிகளுக்கு அரிசி வைத்தார். பல ஆண்டுகள் தொடர்ந்து வைத்தார். ஆயிரக்கணக்கில் கிளிகள் வந்தன. ஒன்றைக்கூட அவர் கூண்டில் அடைக்கவில்லை.

உங்கள் மாடியிலும் ஒரு மண் சட்டியில் தண்ணீர், ஒரு கைப்பிடி தானியம் வையுங்கள். யார் யார் வந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் கடிதத்துக்காகக் காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார் தாத்தா