எட்டால் வகுத்தா என்ன குறைஞ்சா போகும்?



நம்ம கம்ப்யூட்டர் லேப் அலமாரியில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய சி.டி. கிடக்கிறது. எண்ணிப் பார்த்தேன், 60 இருக்கு. ஆண்டுவிழா, விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி என்று நம்ம அண்ணன்மார், அக்காமார் காலத்துப் படங்கள். அதையெல்லாம் இன்டர்நெட்டில் ஏத்தி வச்சிடலாம்னு ஒரு பேச்சு வந்திருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனா, "லைன் பத்து எம்.பி. ஸ்பீடு, ஒரு மணி நேரத்தில முடிஞ்சிடும்"னு சொல்றாங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து.

ஒரு சி.டி. 700 மெகாபைட் என்று வைத்தால், 60 சி.டி.க்கு 42,000 மெகாபைட். பத்தால் வகுத்தா 4,200 விநாடி, அதாவது 70 நிமிஷம். கணக்கு சரிதானேன்னு தோணும். ஆனா கம்பெனிக்காரங்க சொல்ற பத்து, மெகாபைட் இல்லை, மெகாபிட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். எட்டால் வகுத்தால் விநாடிக்கு ஒண்ணேகால் மெகாபைட்தான் போகும். இப்போ 33,600 விநாடி, 9 மணி 20 நிமிஷம் ஆகும்! கடைசி மணி அடிச்சப்புறம் ஆரம்பிச்சா நடுராத்திரிக்கு மேலயும் ஓடும். நடுவுல கரண்டு போனா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

இதுக்கு நம்ம தமிழ் எழுத்தும் ஒரு காரணம். இங்கிலீஷில் சின்ன 'பி' போட்டால் பிட், பெரிய 'பி' போட்டால் பைட். தமிழில் சின்ன எழுத்தும் இல்லை, பெரிய எழுத்தும் இல்லை. ரெண்டையும் எம்.பி. என்றே எழுதுகிறோம். எம்.பி.பி.எஸ். என்று எழுதினால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் படிக்கிற படிப்பா, லைன் வேகமா என்றே தெரியாது! அதனால நம்ம கையெழுத்துப் பத்திரிகையிலாவது மெகாபிட், மெகாபைட் என்று முழுசா எழுதணும். இது ஆசிரியர் குழுவுக்கு என் வேண்டுகோள்.

அரசாங்கமே பிட்டில்தான் அளக்கிறது. 2004-ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கையில் விநாடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட் என்றார்கள். எட்டால் வகுத்தால் 32 கிலோபைட். ஒரு சி.டி. அளவு இறக்க 6 மணி நேரம்! 2013-இல் அதை 512 ஆக்கினார்கள், 2023-இல் 2 மெகாபிட் ஆக்கினார்கள்.

எட்டால் வகுத்ததோட முடிஞ்சுதான்னா, அதுவும் இல்லை. லைனில் போறது பூரா நம்ம சரக்கு கிடையாது. ஒரு சக்கையை தூக்கிப் பாருங்க, பத்துக் கிலோ இருக்கும். மடலும் பிசினும் போக தின்னக் கிடைக்கிற சுளை எவ்வளவு? அந்தச் சுளையைத்தான் பேலோடு என்கிறார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளை இணைத்த பழைய இ-1 லைன் விநாடிக்கு 2,048 கிலோபிட். அதில் 64 கிலோபிட் வீதம் 32 அறைகள். ஒன்று நேரத்தை ஒத்துப்பார்க்க, இன்னொன்று மணியடிப்பது போன்ற சைகைகளுக்கு. மிச்சம் 30 அறையில்தான் மனுஷன் பேச்சு போகும், 1,920 கிலோபிட். ராக்கெட்டிலும் இதே வார்த்தைதான். காவல்கிணறு பக்கத்தில் மகேந்திரகிரியில் சோதிக்கிற விகாஸ் எஞ்சின் பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது. அந்த ராக்கெட் மொத்தம் 320 டன். துருவப் பாதைக்குக் கொண்டுபோகிற பேலோடு ஒண்ணேமுக்கால் டன் அளவுதான்.

பழைய சாமான்களோ ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. சி.டி. டிரைவில் 52 என்று போட்டிருக்கும், டி.வி.டி. டிரைவில் 16 என்று போட்டிருக்கும். 52 தான் வேகம்னு நினைப்பீங்க. சி.டி.யில் ஒரு மடங்கு 150 கிலோபைட், டி.வி.டி.யில் ஒரு மடங்கு 1,385 கிலோபைட். பெருக்கினால் 7,800-க்கு எதிரே 22,160! ஊருக்கு ஊர் மரக்கால் வேறயா இருந்தது மாதிரி இல்ல? பிளாப்பியைக் கேட்கவே வேண்டாம். 1.44 மெகாபைட் என்று அச்சடித்திருப்பார்கள். உள்ளே இருப்பது 14,74,560 பைட். ஆயிரத்தால் வகுத்தாலும் 1.44 வராது, 1,024-ஆல் வகுத்தாலும் வராது. ஒரு தடவை 1,024-ஆலும் அடுத்து ஆயிரத்தாலும் வகுத்தால்தான் வரும். யார் செய்த வேலையோ!

அலகு மாறினா என்ன பெரிசா ஆயிடும்னு கேட்கிறவங்களுக்கு: 1999 செப்டம்பரில் அமெரிக்காவின் நாசா அனுப்பிய செவ்வாய் விண்கலம் தொலைஞ்சே போச்சு. ஒரு பக்கம் பவுண்டு கணக்கு, மறுபக்கம் நியூட்டன் கணக்கு. மாற்றிப் போட யாரும் இல்லை.

நாம 1 கிலோபைட் 1,024 பைட் என்று மனப்பாடமா சொல்றோம், ரெண்டு மார்க்கும் வாங்குறோம். இந்த லைனில் இந்த ஃபைல் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு கணக்கு செய்முறைத் தேர்வில் கேட்டால் என்ன? கம்ப்யூட்டர் சார் இதை யோசிக்கணும்.

பெட்டியில் உள்ள சி.டி.களை முதல்ல ஹார்டு டிஸ்கில் ஏத்தணும் என்பது என் கருத்து. ஒரு டிஸ்கில் இல்லை, ரெண்டில். 52 மடங்கு வேகம் சி.டி.யின் வெளி ஓரத்தில் மட்டும்தான் வரும். உள்பக்கம் அதில் பாதிகூட வராது. எடுத்து மாற்றுகிற நேரத்தையும் சேர்த்து ஒன்றுக்கு 5 நிமிஷம் வைத்தாலும் 60-க்கு 5 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம், அஞ்சு சாயங்காலம் போதும். இன்டர்நெட்டில் ஏத்துறதை அப்புறம் ராத்திரி ராத்திரியா கொஞ்சம் கொஞ்சமா செய்யலாம். சார் அனுமதி கொடுத்தால் நான் திங்கட்கிழமையே ரெடி. கூட வர்றவங்க பேரை இந்தத் தாளுக்குக் கீழே பென்சிலில் எழுதுங்க. வரும்போது ஒரு மெல்லிய பருத்தித் துணி கொண்டு வாங்க. சி.டி.யை வட்டமா துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேரா துடைக்கணும்.