பல்லுயிர்த் தலம் சரி, பதிவேட்டில் சேரி எங்கே?

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் 2,015 எக்டேரை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது ஒன்றிய அரசு. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் 193 எக்டேரும் அந்த ஏலப் பகுதிக்குள்தான் இருந்தது. அறிவிப்பு ஏலத்தைத் தடுக்கவில்லை, மக்கள்தான் தடுத்தார்கள். ஆனாலும் போராடியவர்கள் கையில் அந்த அறிவிப்பு ஓர் ஆயுதமாக இருந்தது.

அதனால் "எங்கள் ஊருக்கும் இந்த அறிவிப்பைக் கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் போடலாமா?" என்று கேட்கும் மாணவத் தோழர்களுக்கு என் பதில்: போடலாம். கை தூக்குவதற்கு முன் "எங்கள் ஊர்" என்றால் யார் என்று கேளுங்கள்.

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், பிரிவு 37: உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துகொண்டு மாநில அரசு இத்தகைய தலங்களை அறிவிக்கலாம். உள்ளூர் மக்கள் தாமாக ஏற்கும் கட்டுப்பாடுகளைத் தவிர அவர்களுடைய புழக்கத்துக்கு வேறு தடை வராது என்கின்றன வழிகாட்டு நெறிகள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தாமாக ஏற்பது யார்? பம்புசெட்டும் தோப்பும் உள்ளவர் "இனி மலையில் ஆடு மேய்க்க வேண்டாம், விறகு பொறுக்க வேண்டாம்" என்று தியாகம் செய்ய முன்வருவார். அவருக்கு என்ன நட்டம்? மாட்டைத் தன் வயலில் கட்டிக்கொள்வார். நாலு வெள்ளாட்டை வைத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிற சேரிப் பெண்ணுக்கு அந்தப் புறம்போக்குதான் சொத்து. அவளுடைய சொத்தை ஊர் தாமாக விட்டுக்கொடுக்கும்! கிராமத்தை அரசியல் சட்டத்தின் அடிப்படை அலகாக வைக்க 1948இல் அம்பேத்கர் ஏன் மறுத்தார் என்பது இங்கே புரியும்.

மேலாண்மைக் குழுவில் நமக்கு இடம் உண்டே என்பார்கள். 2024 வரை நடப்பிலிருந்த 2004ஆம் ஆண்டு விதிகளின்படி, நியமிக்கப்படும் ஆறு பேரில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 18 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று இருந்தது. ஆறில் 18 சதவீதம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அப்படி வருகிறவர் யாருடைய வயலில் கூலிக்குப் போகிறவர் என்பதையும் விசாரியுங்கள்.

அடுத்தது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. கோயில்காடு அதில் ஏறும், குடைவரையும் கல்வெட்டும் ஏறும். பல ஊர்களில் தலைமுறையாகக் கண்மாய் மடையைத் திறந்து அடைத்த நீர்க்கட்டிகள் தலித்துகள். எந்த மீன் எந்தத் தண்ணீரில் ஏறும், எந்தக் கரை எப்போது கசியும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு யார் பெயரில் பதிவாகும்? நம் சுடுகாட்டுப் பாதை வரைபடத்தில் வருமா? எல்லைக்குள் பஞ்சமி நிலம் கிடந்தால், அதை மீட்காமலே "பாரம்பரியம்" என்று வேலி போட்டுவிடுவார்களா?

"இது ஊர்க்காரன் விவகாரம், நமக்கென்ன" என்று ஒதுங்குகிற நம் ஆட்களையும் நான் ஏற்கவில்லை. குவாரி வெடித்தால் முதலில் விரிசல் விடுவது தொகுப்பு வீட்டுச் சுவர்தான்.

"கம்பெனி வாசலில் நிற்கும்போது சாதியைப் பேசலாமா, ஒற்றுமை கெடாதா?" என்பது இன்னொரு குரல். இதே மேலூர் வட்டத்தில்தான் மேலவளவு இருக்கிறது. தனித்தொகுதியான ஊராட்சியில் தலைவராக வென்றதற்காக 1997 ஜூன் 30 அன்று முருகேசன் உட்பட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒற்றுமை வேண்டும்தான். அதற்கு முன்பணம் நாம் மட்டும் ஏன் கட்ட வேண்டும்?

ஆகவே தீர்மானத்துக்குள்ளேயே எழுதச் சொல்லுங்கள்: மேய்ச்சல், விறகு, மீன், சுடுகாட்டுப் பாதை ஆகிய உரிமைகள் தொடரும், பஞ்சமி நிலக் கணக்கு முதலில் வெளிவரும், பிழைப்பு பாதிக்கப்படுவோருக்குப் பிரிவு 37(3) சொல்லும் இழப்பீட்டுத் திட்டம் அறிவிப்போடு சேர்ந்தே வரும். கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்தால் எதிர்ப்புச் சொல்லுங்கள். மதம் சார்ந்த வளாகத்தில் கிராம சபை கூட்டக் கூடாது என்று அரசே சொல்லியிருக்கிறது. எழுதி முடித்து, உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெறும் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு தீர்மானம் எழுதுவது நம் கிராம சபைகளுக்குப் புதிதல்ல.