கப்பல் நகர்வதற்குள் வக்கீலைப் பிடியுங்கள்

கடலோடித் தோழர்களே!

இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லை. "அடுத்த போர்ட்டில் தருகிறோம்" என்ற சொல்லை இன்னும் நம்பியிருக்கிறீர்களே! சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, இரண்டு மாதச் சம்பளம் தராத முதலாளி உங்களைக் கைவிட்டவர். அந்த நிலையில் நான்கு மாதச் சம்பளம் வரை காப்பீட்டாளர் தர வேண்டும். அதற்கான சான்றிதழ் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இன்றிரவே அதைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள்.

கப்பல் சென்னையிலோ எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ நிற்கிறதா? ஒரு மணி நேரத்தையும் வீணாக்காதீர்கள். 2018 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள அட்மிரால்டி சட்டம், வெளிநாட்டுக் கப்பலையும் கைது செய்யும் அதிகாரத்தைச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் தருகிறது. உத்தரவு வந்துவிட்டால் கப்பல் நகர முடியாது. முதலாளி பிணை கட்டியே மீட்க வேண்டும், கட்டாவிட்டால் ஏலம். ஏலப் பணத்தில் வங்கிக் கடனுக்கு முன்னால் நிற்பது நம் சம்பளம். இந்த முன்னுரிமைக்கு ஆயுள் இரண்டே வருடம். கப்பல் கடலுக்குள் போய்விட்டால் யாரைப் பிடிப்பீர்கள்?

நம்மூர்ப் பக்கம் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் நல்ல வக்கீல்கள் இருக்கிறார்கள். பாகப்பிரிவினையும் செக் வழக்கும் அவர்களுக்குக் கைவந்தவை; கப்பல் கைது வேறு வித்தை. யாரிடம் போனாலும் நேராகக் கேளுங்கள்: இதுவரை எத்தனை கப்பலை நிறுத்தியிருக்கிறீர்கள்? கப்பல் முதலாளிகளுக்கும் ஆஜராகிறீர்களா? ஃபீஸ் எவ்வளவு, எழுதித் தருவீர்களா? ஏஜென்ட் கைகாட்டும் வக்கீல் வேண்டவே வேண்டாம். கப்பல் வெளிநாட்டில் நின்றால் அந்த நாட்டு வக்கீல்தான் வேண்டும். கூடவே இந்தியத் தூதரகத்துக்கும் மும்பைக் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்துக்கும் எழுதுங்கள்.

ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய நம்மூர்க்காரர்கள் பேரேட்டில் பதியாமல் ஒரு காசு புரட்டியதில்லை. அதே மண்ணிலிருந்து போகிற நாம், சம்பளம் முழுதும் பெற்றுக்கொண்டதாக எழுதிய தாளில் பணத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறோம். இனி அது நடக்கக் கூடாது! ஒப்பந்தம், சிடிசி என்ற கடற்பணிப் பதிவேடு, சம்பளச் சீட்டு, ஏஜென்டுக்குப் பணம் அனுப்பிய ரசீது: நான்குக்கும் நகல் வீட்டில் இருக்கட்டும்.

வீட்டிலிருக்கும் சகோதரிகளே, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. சிவகங்கை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 15100-ஐ அழையுங்கள்.

பக்கத்துத் தெருவில் ஒரு மாலுமிக்குச் சம்பளம் நின்றிருந்தால், இன்று பொழுது சாய்வதற்குள் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள்.